சிவப்புப் பக்கம் சாயும் பிழை

(கல்யாணில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறிவியல் பொருள் ஒன்றைத் தமிழில் பேசவேண்டும் என்பது இந்த மேடைக்கான நிபந்தனை. நான் எடுத்துக்கொண்டது தகவல் கோட்பாட்டில் ஒரு சிறிய பகுதி: சமச்சீரற்ற இருநிலைச் செய்தித்தடங்கள். பெயர் கரடுமுரடாக இருக்கிறது. விஷயம் எளிது. ஆம் அல்லது இல்லை என்று இரண்டே சொல் பேசத் தெரிந்த ஒரு கருவி. இடையில் இரைச்சல் புகுந்து சொல்லைக் கெடுக்கிறது. ‘ஆம்’ கெட்டு ‘இல்லை’ ஆவதும், ‘இல்லை’ கெட்டு ‘ஆம்’ ஆவதும் சம அளவில் நடந்தால் அது சமச்சீர்த் தடம். ஒன்று அடிக்கடி கெட்டு மற்றது அபூர்வமாகக் கெட்டால் அது சமச்சீரற்ற தடம்.

இதைப் பேசக் கல்யாணைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு முதல் பயணிகள் ரயில் ஓடியது 1853 ஏப்ரல் 16. அந்தப் பாதை அடுத்த ஆண்டு மே மாதம் கல்யாணை எட்டியது. இங்கிருந்துதான் ஒரு கிளை கசாரா வழியே தல் கணவாய்க்கும், இன்னொரு கிளை கர்ஜத் வழியே போர் கணவாய்க்கும் ஏறின. போர் கணவாய் ஏறிய பாதை 1871இல் ராய்ச்சூரில் சென்னைப் பாதையோடு சேர்ந்தது. நம்மில் பலருடைய பாட்டன் பூட்டன் இந்த ஊர்ப் பக்கம் வந்து சேர்ந்தது அந்தத் தண்டவாளத்தின் மேல்தான். அதே தண்டவாளத்துக்குள் இன்னொன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. மிகச் சிறிய மின்சாரம். அது பேசும் மொழியில் இரண்டே சொற்கள்: காலி, ரயில் இருக்கிறது.

விழுவதற்கென்றே செய்த ரிலே

சிக்னல் துறையில் வேலை பார்த்தவர்கள் இந்த அவையில் இருப்பார்கள். அவர்களுக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ட்ராக் சர்க்யூட் என்பது இதுதான்: தண்டவாளத்தின் ஒரு நீளத்தை, இரு முனையிலும் மின்சாரம் கடக்காத இணைப்பு வைத்துத் தனித்துண்டாக ஆக்குகிறார்கள். ஒரு முனையில் மின்கலம், மறுமுனையில் ரிலே. துண்டு காலியாக இருந்தால் மின்சாரம் ஒரு தண்டவாளத்தில் போய், ரிலேயின் சுருளைச் சுற்றி, மறு தண்டவாளத்தில் திரும்பும். சுருள் காந்தமாகி ஓர் இரும்புத் தகட்டைத் தூக்கிப் பிடித்திருக்கும். தகடு மேலே இருக்கும்வரை சிக்னலுக்குப் பச்சை காட்ட அனுமதி உண்டு.

ரயில் உள்ளே வந்ததும் சக்கரங்களும் அவற்றை இணைக்கும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் குறுக்கே சேர்த்துவிடுகின்றன. மின்சாரத்துக்குக் கிட்டத்திலேயே வழி கிடைத்துவிட்டது. ரிலே வரை போகவேண்டியதில்லை. காந்தம் வலுவிழக்கிறது. தகடு தன் எடையாலேயே கீழே விழுகிறது. சிக்னல் சிவப்பு.

இப்போது கெடுதல்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பாருங்கள். மின்கலம் தீர்ந்துபோகிறது. வயர் அறுகிறது. யாரோ கேபிளைத் திருடிக்கொண்டு போகிறார். தண்டவாளமே விரிசல் கண்டு முறிகிறது. எது நடந்தாலும் ரிலேக்கு மின்சாரம் நின்றுபோகும், தகடு விழும், சிக்னல் சிவப்பாகும். ஸ்பிரிங் இழுத்து விழவைத்தால் ஸ்பிரிங் தளர்ந்துபோகும் என்று பயப்படவேண்டும். இங்கே விழவைப்பது புவியீர்ப்பு. அது ஒருநாளும் விடுப்பு எடுப்பதில்லை.

தண்டவாளம் காலியாக இருந்தும் ‘ரயில் இருக்கிறது’ என்று கருவி சொல்வதை ரயில்வேயில் ரைட் சைட் ஃபெயிலியர் என்பார்கள். ரயில் நின்றிருந்தும் ‘காலி’ என்று சொல்வது ராங் சைட் ஃபெயிலியர். முதல் பிழை ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஆபீஸைத் தாமதமாக்கும். இரண்டாவது பிழை உயிரைக் குடிக்கும். எனவே முதல் பிழைக்குக் கதவைத் திறந்துவைத்து, இரண்டாவதை முடிந்தமட்டும் அடைத்திருக்கிறார்கள்.

இந்த அமைப்பு முதல் நாளிலேயே வந்துவிடவில்லை. அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் 1870 வாக்கில் செய்த முதல் ஏற்பாடு இதற்கு நேர் எதிரானது. ரயில் வந்தால் மின்சாரம் ஓடும், ரிலே தூக்கும், அபாய அறிவிப்பு விழும். ரயில் இல்லையென்றால் எல்லாம் சும்மா இருக்கும். பார்க்க இயல்பாகத் தோன்றும் ஏற்பாடுதான். ஆனால் வயர் ஒன்று அறுந்துவிட்டால் எந்த ரயிலும் அந்தக் கருவியின் கண்ணுக்குப் படாது, அதுபாட்டுக்கு ‘காலி, காலி’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். ராபின்சன் அதைக் கண்டுகொண்டார். 1872இல் காப்புரிமை பெற்ற அவருடைய மூடிய சுற்று, சாமான்கள் எதையும் பெரிதாக மாற்றவில்லை. அதே மின்கலம், அதே ரிலே, அதே தண்டவாளம். இணைக்கும் முறையைத் தலைகீழாக்கினார், அவ்வளவுதான். கருவி கெடுவது குறையவில்லை. கெட்டால் எந்தப் பக்கம் சாயும் என்பது மாறியது. உலகெங்கும் ரயில் சிக்னல்கள் இன்றுவரை நிற்பது அந்தத் தலைகீழ் மாற்றத்தின் மேல்தான்.

ஷானனின் கணக்கு

ராபின்சனுக்கு 76 ஆண்டுகள் கழித்து, 1948இல், பெல் ஆய்வகத்தின் கிளாட் ஷானன் ‘தகவல்’ என்பதை அளக்க வழி சொன்னார். இரைச்சல் எவ்வளவு இருந்தாலும் ஒவ்வொரு செய்தித்தடத்துக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. அதற்குள் அடங்கும் வேகத்தில் அனுப்பினால், தக்க குறிமுறையைக் கொண்டு, பிழையை எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம் என்று நிறுவினார். கொள்ளளவின் அலகு பிட். இரைச்சலே இல்லாத இருநிலைத் தடம் ஒருமுறை பயன்படுத்தினால் ஒரு பிட் கொண்டுபோகும்.

இனி இரண்டு தடங்களை ஒப்பிடுவோம். முதலாவதில் 0 அனுப்பினாலும் 1 அனுப்பினாலும் பத்துக்கு ஒருமுறை மாறிப்போகிறது. இதன் கொள்ளளவு 0.531 பிட். இரண்டாவதில் 0 ஒருபோதும் கெடாது. 1 மட்டும் பத்துக்கு ஒருமுறை 0 ஆகிவிடுகிறது. அதன் படத்தை வரைந்தால் ஆங்கில எழுத்து இசட் போல இருப்பதால் இசட் தடம் என்றே அழைக்கிறார்கள். இதன் கொள்ளளவு 0.763 பிட்.

‘இரண்டாவதில் மொத்தப் பிழையே குறைவுதானே, கொள்ளளவு கூடுவதில் என்ன அதிசயம்?’ என்று கேட்கலாம். நியாயம்தான். அப்படியானால் பிழையைக் கடைசி எல்லைக்கே கொண்டுபோவோம். சமச்சீர்த் தடத்தில் பாதிக்குப் பாதி பிழை வந்தால் அதன் கொள்ளளவு சுத்தமாகப் பூஜ்யம். காசைச் சுண்டிப் பதில் சொல்வதற்கும் அதற்கும் வேறுபாடு கிடையாது. இசட் தடத்தில் 1 பாதிக்குப் பாதி கெட்டாலும் 0.322 பிட் மிஞ்சுகிறது. ஆயிரம் முறை அனுப்பினால் 322 பிட் பத்திரமாகப் போய்ச் சேரும். எப்படி? 1 வந்தால் அது 1தான். சந்தேகமே இல்லை. 0 வந்தால் மட்டும் இரண்டு மனது. ஒரு பக்கமாவது வாக்குத் தவறாது என்று தெரிந்திருப்பதே இந்த 322 பிட்டுக்கும் முதல்.

அந்தக் கொள்ளளவை முழுக்க எடுக்க வேண்டுமானால் இரண்டு சொற்களையும் சமமாகப் பயன்படுத்தக்கூடாது. கெடக்கூடிய 1ஐ ஐந்துக்கு இரண்டு முறை அனுப்பி, கெடாத 0ஐ ஐந்துக்கு மூன்று முறை அனுப்பவேண்டும். இந்தச் சாய்வு எவ்வளவு தூரம் போகும்? ஒரு சொல் மிகவும் கெடக்கூடியது என்றால் அதை அடியோடு கைவிட்டுவிடலாமா? கூடாது என்கிறது கணக்கு. எந்த இருநிலைத் தடமானாலும் சிறந்த விகிதம் ஏறக்குறைய 37 விழுக்காட்டுக்கும் 63 விழுக்காட்டுக்கும் இடையிலேயே இருக்கும் என்று சில்வர்மன் 1955இல் காட்டினார். 1991இல் மஜானியும் ரம்சியும் இன்னொன்றை நிறுவினார்கள்: சாய்வு எவ்வளவு என்றே தெரியாமல் இரண்டு சொற்களையும் பாதிக்குப் பாதி பயன்படுத்தினாலும், கொள்ளளவில் 94 விழுக்காட்டுக்குக் குறையாமல் கிடைத்துவிடும். ஆக, அனுப்புகிறவர் சாய்வை அறியாமலிருந்தால் நட்டம் சொற்பம். வாங்கிப் படிக்கிறவர் அறியாமலிருந்தால் நட்டம் பெரிது. அதை அடுத்த கணக்கில் பார்க்கலாம்.

எட்டு இடம், ஒரு கூட்டல்

1965இல் சோவியத் நாட்டின் வர்ஷாமோவும் டெனெங்கோல்ட்ஸும் இசட் தடத்துக்காக ஒரு குறிமுறையைக் கொடுத்தார்கள். பள்ளிப் பிள்ளையும் போடக்கூடிய கணக்கு அது. எட்டு இடங்களை வரிசையாக எழுதி, ஒன்று முதல் எட்டு வரை எண்ணிடுங்கள். 1 இருக்கும் இடங்களின் எண்களைக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 9ஆல் மீதியின்றி வகுபடும் சொற்களை மட்டுமே அனுப்புவது என்று இருபுறமும் ஒப்பந்தம்.

நான்காம் இடத்திலும் ஐந்தாம் இடத்திலும் 1 வைத்து அனுப்புகிறேன்: 00011000. கூட்டுத்தொகை 9. வழியில் ஐந்தாம் இடத்து 1 கெட்டுப்போகிறது. உங்கள் கைக்கு வருவது 00010000. கூட்டினால் 4. ஒன்பதுக்கு ஐந்து குறைகிறது. குறைவது ஐந்தென்றால் காணாமல்போனது ஐந்தாம் இடத்து 1. எடுத்து வைத்துவிட்டால் செய்தி சரியாகிவிட்டது. குறைவே விலாசம்.

இதே சொல் சமச்சீர்த் தடத்தில் வந்திருந்தால் என்ன ஆகும்? ஐந்தாம் இடத்து 1 தொலைந்திருக்கலாம். அல்லது எல்லாமே 0ஆக இருந்த சொல்லில் நான்காம் இடத்தில் பொய்யாக ஒரு 1 முளைத்திருக்கலாம். இரண்டும் ஒப்பந்தத்துக்குள் அடங்கும் சொற்கள்தான். எது நடந்தது என்று சொல்ல வழியில்லை. 1 ஒருபோதும் பொய்யாக முளைக்காது என்று தெரிந்திருப்பதே நமக்கு விடையைக் கொடுக்கிறது.

அந்த அறிவின் மதிப்பை எண்ணாலும் சொல்லலாம். எட்டு இடங்களைக் கொண்டு, இரு பக்கமும் நேரக்கூடிய ஒற்றைப் பிழையைத் திருத்தவேண்டுமானால் அதிகபட்சம் 20 சொற்கள்தான் வைத்துக்கொள்ள முடியும். பிழை ஒரு பக்கம்தான் வரும் என்று தெரிந்தால் மேலே சொன்ன கூட்டல் முறையிலேயே 30 சொற்கள் கிடைக்கின்றன. கம்பி மாறவில்லை, மின்சாரம் கூடவில்லை. பத்துச் சொற்கள் லாபம்.

இந்தத் துறையில் நம்மவர் கை நிறையவே இருக்கிறது. 1979இல் கான்ஸ்டன்டினும் டி.ஆர்.என். ராவும் எழுதிய கட்டுரை இந்தக் கூட்டல் முறையை விரிவாக்கியது. எண்களுக்குப் பதில் குலங்கள் என்னும் இயற்கணித அமைப்பைக் கொண்டு அதேபோன்ற குறிமுறைகளைக் கட்டிக் காட்டினார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டமும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முதுநிலைப் பட்டமும் பெற்று அமெரிக்கா சென்ற பெல்லா போஸ், ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து இந்தத் துறையில் பல ஆண்டுகள் உழைத்தவர். அவரும் டெர் ஜெய் லின்னும் 1985இல் கொடுத்த முறையில், செய்தி எவ்வளவு நீளமானாலும் சரி, கூடவே நான்கே நான்கு சோதனை பிட்களை அனுப்பினால் போதும்: ஒரே திசையில் நேரும் பிழைகள் ஆறு வரை இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். கணினி நினைவகங்களிலும் சுற்றுகளிலும் மின்சாரம் தடுமாறும்போது பிழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் கூட்டமாக வருவதால் இது ஏட்டுச் சுரைக்காயாக நின்றுவிடவில்லை.

தாராவிச் சந்தில் ஓர் இசட் தடம்

தண்டவாளத்தை விட்டு மனித உடம்புக்கு வருவோம். 2020 ஏப்ரல் முதல் நாள் தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டபோது நாடே அந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு ஜூன் 14 அன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் விரைவு ஆன்டிஜென் சோதனைக்கு ஓர் அறிவுரை வெளியிட்டது. மூக்கில் பஞ்சுக் குச்சி, அரைமணி நேரத்தில் பதில். அந்தச் சோதனைக்கருவியைப் பரிசோதித்ததில் கிடைத்த எண்கள் அதிலேயே இருந்தன. நோயில்லாதவரை ‘இல்லை’ என்று சரியாகச் சொல்வது 99.3 முதல் 100 விழுக்காடு. நோயுள்ளவரை ‘உண்டு’ என்று சரியாகச் சொல்வது 50.6 முதல் 84 விழுக்காடு.

சற்றுமுன் பார்த்த இசட் தடமேதான் இது. ‘உண்டு’ என்ற சொல் மோசமான நிலையில் பாதிக்குப் பாதி கெட்டு ‘இல்லை’ என்று வருகிறது. ‘இல்லை’ கெடுவது மிக அபூர்வம். கழகம் சொன்ன விதியும் தகவல் கோட்பாட்டுக்காரர் சொல்லக்கூடிய விதிதான்: ‘உண்டு’ என்று வந்தால் நம்பு, மறுசோதனை வேண்டாம்; நோய்க்குறி உள்ளவருக்கு ‘இல்லை’ என்று வந்தால் நம்பாதே, ஆர்டிபிசிஆர் செய். இரண்டு பதில்களையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட்டிருந்தால் இந்தச் சோதனையைக் குப்பையில் போட்டிருப்பார்கள். சாய்வை அறிந்து படித்ததால் அது கைகொடுத்தது.

ஆனால் இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஷானனின் கணக்கில் எந்தச் சொல்லை எத்தனை முறை அனுப்பலாம் என்பது நம் விருப்பம். நோய் நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஒரு தெருவில் ஆயிரம் பேரில் 200 பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். பாதிதான் பிடிபடும் என்றாலும் 100 பேர் உண்மையாகவே ‘உண்டு’ ஆவார்கள். மீதி 800 பேரில் ஆயிரத்துக்கு ஏழு என்ற கணக்கில் ஐந்தாறு பேர் பொய்யாக மாட்டுவார்கள். ‘உண்டு’ என்ற சொல் அங்கே தங்கம். இன்னொரு தெருவில் ஆயிரம் பேரில் 10 பேருக்குத்தான் நோய். ஐந்து பேர் உண்மையாக மாட்டுவார்கள். 990 பேரில் ஏழு பேர் பொய்யாக மாட்டுவார்கள். அதே குச்சி, அதே கருவி. இங்கே ‘உண்டு’ என்று வந்தவர்களில் பாதிக்கு மேல் நோயில்லாதவர்கள். அதனால்தான் நோய் அடர்ந்திருந்த கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பயன்படுத்தச் சொன்னார்கள். ஒரு பதிலை எவ்வளவு நம்பலாம் என்பது கருவியின் சாய்வோடு முடிந்துவிடுவதில்லை. எந்தத் தெருவில் நின்று கேட்கிறோம் என்பதும் சேர்ந்ததுதான் விடை.

மழைக்காலத்தின் விலை

மீண்டும் தண்டவாளத்துக்கு வருகிறேன். ஜூன் பிறந்தால் நமக்கெல்லாம் மனப்பாடமான அறிவிப்பு ஒன்று உண்டு: சிக்னல் பழுது காரணமாக வண்டிகள் தாமதம். கோளாறுகள் பலவிதம். ட்ராக் சர்க்யூட்டில் நடப்பதை மட்டும் கிட்டப்போய்ப் பார்ப்போம்.

இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே ஜல்லி. காய்ந்திருந்தால் அது மின்சாரத்தை ஓரளவு தடுக்கும். மழை பெய்து, சேறும் குப்பையும் சேர்ந்து, தண்ணீர் தேங்கிவிட்டால் மின்சாரம் ஜல்லி வழியே கசிந்து எதிர்த் தண்டவாளத்துக்குப் போய்விடுகிறது. ரிலே வரை போய்ச் சேர்வது குறைகிறது. தகடு விழுகிறது. ரயிலே இல்லாத தண்டவாளம், ரயில் நிற்பதாகச் சிக்னலுக்குச் சொல்கிறது. பின்னால் வரிசையாக லோக்கல் ரயில்கள் நிற்கின்றன.

‘மின்சாரத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் என்ன?’ என்ற கேள்வி எழும். கூட்டலாம், மழையிலும் தகடு நிற்கும். ஆனால் வெயில் அடித்து ஜல்லி காய்ந்த அன்று, துருப்பிடித்த தண்டவாளத்தின் மேல் ஒரு வண்டி வந்து நின்றால், சக்கரம் போடும் குறுக்கிணைப்பு வலுவில்லாமல் போய், மிஞ்சிய மின்சாரமே தகட்டைத் தூக்கிப் பிடித்துவிடலாம். ரயில் நிற்கிறது, கருவி ‘காலி’ என்கிறது. அதனால்தான் பராமரிப்பவர்கள் அரை ஓம் மின்தடை ஒன்றைக் கையில் வைத்திருப்பார்கள். அதைத் தண்டவாளங்களுக்குக் குறுக்கே போடுவார்கள். ரிலே விழவேண்டும். விழாவிட்டால் மின்சாரம் அதிகம், குறைக்கவேண்டும். ஒரே திருகைத்தான் இருபுறமும் திருப்புகிறார்கள்: ஒரு பக்கம் திருப்பினால் பொய்ச் சிவப்பு கூடும், மறுபக்கம் திருப்பினால் பொய்ப் பச்சை கூடும். நடுவில் எங்கே நிறுத்துவது என்பதில்தான் தொழில் இருக்கிறது. மும்பைப் பாதைகளில் வண்டியை இழுக்கும் மின்சாரமும் இதே தண்டவாளங்கள் வழியாகத்தான் திரும்புகிறது. அது ரிலேயை ஏமாற்றிப் பச்சை காட்ட வைத்துவிடக்கூடாது. எனவே சிக்னல் மின்சாரத்தை இழுவை மின்சாரத்திலிருந்து வேறுபடும் வகையில் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஜல்லியையே நம்பாத கருவிகளும் வந்திருக்கின்றன. ஆக்ஸில் கவுண்டர், உள்ளே போன சக்கரங்களையும் வெளியே வந்த சக்கரங்களையும் எண்ணும். கணக்கு இடித்தால் ‘ரயில் இருக்கிறது’ என்றே சொல்லும். அதுவும் சிவப்புப் பக்கம் சாய்ந்ததுதான். ஆனால் கணக்கு இடித்துவிட்டால் ஒரு மனிதர் சரிபார்த்து அதைப் பூஜ்யத்துக்குத் திருப்பவேண்டும்.

நான் சொல்ல வந்த கவலை அங்கேதான் இருக்கிறது. கருவி சிவப்பிலேயே நின்றுவிட்டால் வண்டியை என்றைக்கும் நிறுத்திவைக்க முடியாது. தானியங்கி சிக்னல் பகுதியில் சிவப்பைக் கண்ட மோட்டர்மேன் பகலில் ஒரு நிமிடமும் இரவில் இரண்டு நிமிடமும் நின்றுவிட்டு, முன்னால் தடை இருந்தால் நிறுத்திக்கொள்ளும் அளவுக்கு மெதுவாகப் போகலாம் என்பது விதி. பழுது நீடித்தால் காகிதத்தில் அனுமதி எழுதிக் கொடுப்பார்கள். அந்த நிமிடமே செய்தித்தடம் மாறிவிடுகிறது. புவியீர்ப்பின் மேல் நின்ற சாய்வு போய், களைத்த ஒரு மனிதரின் கவனத்தின் மேல் நிற்கவேண்டியதாகிறது. காகிதத்துக்கு விழும் திசை என்று ஒன்று கிடையாது.

2024 ஜூன் 17 அன்று மேற்கு வங்கத்தில் ரங்கபானிக்கும் சத்தர்ஹாட்டுக்கும் இடையே நடந்தது இதுதான். தானியங்கி சிக்னல்கள் காலையிலிருந்தே பழுது. சிவப்பைத் தாண்டிப் போக டி/ஏ 912 என்ற படிவம் கொடுக்கப்பட்டது. அந்தப் படிவத்தோடு போன சரக்கு ரயில், முன்னால் சென்ற கஞ்சன்ஜங்கா விரைவு ரயிலின் பின்பகுதியில் மோதியது. சிக்னல்கள் பாதுகாப்பான பக்கம்தான் கெட்டிருந்தன. அந்தப் பாதுகாப்பைச் சுற்றிக்கொண்டு போக எழுதிய காகிதத்தில்தான் ஆபத்து நுழைந்தது.

சாய்வையே கெடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்பதை அதற்கு முந்தைய ஆண்டே பார்த்துவிட்டோம். 2023 ஜூன் 2, ஒடிசாவில் பகாநாகா பஜார் நிலையம். ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் விரைவு ரயில். தடம் மாற்றும் பாயிண்ட் கிளைப் பாதைக்குத் திரும்பியிருந்தது. சிக்னலோ நேர்பாதைக்குப் பச்சை காட்டியது. கிளைப் பாதையில் சரக்கு ரயில் நின்றிருந்தது. 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை, முன்னொரு சமயம் செய்த வயரிங் மாற்றத்திலும், அன்று லெவல் கிராசிங் தடுப்பை மாற்றும் வேலையிலும் நேர்ந்த தவறுகளைக் காரணமாகக் காட்டியது. வயர் அறுந்திருந்தால் சிவப்பு வந்திருக்கும். வயர் தவறான இடத்தில் இணைந்திருந்ததால் பச்சை வந்தது. ராபின்சனின் ஏற்பாடு அறுந்துபோவதைத் தாங்கும்; மனிதர் தப்பாக இணைப்பதைத் தாங்காது.

யார் தாங்குவது?

சிலப்பதிகாரத்துக் கோவலன் குற்றமற்றவன். பாண்டியனிடமிருந்து வெளிவந்த தீர்ப்போ ‘குற்றவாளி’. நீதிமன்றமும் ஓர் இருநிலைத் தடம்தான். குற்றவாளி தப்புவது ஒரு பிழை, நிரபராதி சாவது இன்னொரு பிழை. இரண்டையும் ஒரே கணக்கில் எழுத முடியாது என்பதைத் தன் உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்டான் அந்த அரசன். ஆயிரம் குற்றவாளிகள் தப்பினாலும் ஒரு நிரபராதி தண்டிக்கப்படக்கூடாது என்று நம் சினிமா வக்கீல்கள் முழங்குவதும் இந்தச் சாய்வைத்தான்.

ஒரு கருவியையோ சோதனையையோ அலுவலக விதியையோ பற்றிப் பேசும்போது ‘எத்தனை விழுக்காடு சரியாகச் சொல்கிறது?’ என்று ஒற்றை எண்ணைக் கேட்கிறோம். ரேஷன் கடையின் கைரேகைக் கருவியில் தொடங்கி வங்கியின் மோசடித் தடுப்பு வரை இதே கேள்விதான். அந்த ஒற்றை எண் இரண்டு வேறு பிழைகளைக் கலந்து கட்டிய மூட்டை. மூட்டையை அவிழ்த்து மூன்று கேள்வி கேட்கவேண்டும். எந்தப் பக்கம் கெடுகிறது? அந்தப் பக்கம் கெட்டால் சுமப்பது யார்? சுமை தாங்காமல் அவர்கள் கண்டுபிடிக்கும் குறுக்குவழி எது?

இசட் தடத்தின் கணிதம் முதல் கேள்விக்கு அழகாக விடை சொல்கிறது. இரண்டாவது கேள்வி கணிதத்துக்கு வெளியே இருக்கிறது. உழைத்துக் களைத்துக் கல்யாண் லோக்கலில் நின்றபடி வரும் மனிதர்தான் ஒவ்வொரு மழைக்காலத்திலும் பொய்ச் சிவப்பின் விலையைக் கொடுக்கிறார். அவர் கொடுக்கும் அரைமணி நேரம் வீணாவதில்லை. பொய்ப் பச்சையிலிருந்து எல்லோரையும் காக்கும் காப்பீட்டுக்கான தவணை அது. ஆனால் தவணையை ஒருவரே கட்டிக்கொண்டிருப்பது நியாயமில்லை. வடிகாலைத் தூர்வாருவதும், ஜல்லியைச் சலித்துச் சுத்தம் செய்வதும், பழுது பார்க்கும் கைகளைப் போதிய எண்ணிக்கையில் வைப்பதும் நிர்வாகம் கட்டவேண்டிய பங்கு. அந்தப் பங்கு குறைந்தால் பொய்ச் சிவப்பு பெருகும். பெருகினால் காகித அனுமதிகளும் பெருகும். மூன்றாவது கேள்விக்கான விடை அதுதான்: பாதுகாப்பான பிழையும் அளவுக்கு மிஞ்சினால் ஆபத்தான பிழைக்கு வழிவிட்டுவிடும். ராபின்சன் காப்புரிமை பெற்ற நாளிலிருந்து இன்றுவரை அந்த வழியை அடைத்துவைப்பது பொறியாளர் ஒருவர் வேலையாக இருந்ததில்லை. ஊர் கேட்டு வாங்கவேண்டிய வேலை அது.